சவுதியில் ஐசியு நர்ஸ்: அமெரிக்க ஏஜென்சிக்கு முன்பணமா, பிரிட்டனா, ஆஸ்திரேலியாவா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். வயது 31. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஊரில் இரண்டு வருடம் வேலை; இப்போது தம்மாமில் ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் ஐந்தாவது வருடம். கணவர் மெக்கானிக்கல் என்ஜினியர், அவரும் அங்கேயே. ஐந்து வயதில் ஒரு குழந்தை. அமெரிக்க கிரீன் கார்டுக்கு மனு போட்டுத் தருவதாகச் சொல்லி ஓர் ஏஜென்சி 3 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறது. கூடப் படித்தவர்கள் பிரிட்டனுக்கு வா என்கிறார்கள், வேறு சிலர் ஆஸ்திரேலியா என்கிறார்கள். "எந்த நாடு நல்லது?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை முழுதாகப் படித்தால் கேள்வி அதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் இருக்கும் சேமிப்பையும் அடுத்த இரண்டு மூன்று வருடங்களையும் எதில் போட்டால் வீணாகாது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நானும் நர்ஸ்தான். சவுதியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டனுக்கு வந்தேன். பல வருடங்களாக, வெளிநாட்டிலிருந்து வரும் நர்ஸ்களை இங்குள்ள ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்குத் தயார் செய்வதுதான் என் வேலை. பதிவு, தேர்வு, ஆவணங்கள் பற்றி உறுதியோடு பேச முடியும். விசா விஷயத்தில் நான் வக்கீல் இல்லை. பொது விதிகளைச் சொல்கிறேன். விண்ணப்பம் போடும் கட்டத்தில் உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் உங்கள் காகிதங்களைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

நம் தொழிலில் வெளிநாடு போவதென்றால் இரண்டு தனித்தனி அனுமதிகள் வேண்டும். ஒன்று, அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் பதிவு. இன்னொன்று, குடிவரவுத் துறையின் விசா. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் பெரும்பாலான பண இழப்பு நடக்கிறது. விசா விதிகள் அரசியலோடு மாறும், ஆறு மாத அவகாசம்கூடத் தர மாட்டார்கள். பதிவு அப்படியல்ல. படித்து, தேர்வு எழுதி வாங்கிய பதிவை, புதுப்பித்துக்கொண்டு வேலையிலும் இருந்தால் யாரும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது. ஒரு நாட்டின் பதிவு இன்னொரு நாட்டில் கதவைத் திறப்பதும் உண்டு. அதனால் பணத்தையும் நேரத்தையும் முதலில் பதிவுக்குப் போடுங்கள், விசாவுக்கு அப்புறம். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து வருவதுதான்.

முதலில் அமெரிக்கா, ஏனென்றால் உங்களை அவசரப்படுத்துவது அதுதான். அங்கே நர்ஸ்களுக்கு ஒரு சலுகை உண்மையிலேயே உண்டு: மற்ற தொழில்களுக்கு வேண்டிய தொழிலாளர் துறைச் சான்று இல்லாமலேயே முதலாளி நேராக மனு போடலாம். ஏஜென்சிகள் இதைச் சொல்லித்தான் "சீக்கிரம் கிடைக்கும்" என்கிறார்கள். ஆனால் மனு ஏற்கப்பட்ட பிறகு நிற்க வேண்டிய வரிசை எல்லாத் தொழிலுக்கும் ஒன்றே. பெரும்பாலான நர்ஸ்கள் ஈபி-3 என்ற வேலைவழி கிரீன் கார்டுப் பிரிவில் வருகிறார்கள். அதில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, நான் இதை எழுதும் நேரத்தில், 2013-ஐ ஒட்டி வரிசையில் சேர்ந்தவர்களின் முறைதான் வந்துகொண்டிருக்கிறது. இந்த வரிசை நீங்கள் வசிக்கும் நாட்டையோ பாஸ்போர்ட்டையோ பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. சவுதியிலிருந்து விண்ணப்பித்தாலும், நாளை பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினாலும், நீங்கள் இந்திய வரிசையில்தான். கணவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவர் பிறந்த நாட்டின் வரிசைக்கு மாறலாம். குழந்தை சவுதியில் பிறந்திருந்தாலும் அதை வைத்துப் பெற்றோர் மாற முடியாது. உங்கள் ஏஜென்சி குழந்தை பிறந்த இடத்தைக் காட்டி நம்பிக்கை கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அது தவறு.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். குழந்தைக்கு இப்போது 5 வயது. 21 வயதானால் அவன் உங்கள் மனுவோடு சேர்ந்து வர முடியாமல் போகலாம். மனு நிலுவையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழிக்க ஒரு சட்டம் இருக்கிறது, ஆனால் மனு ஏற்கப்பட்ட பிறகு வரிசையில் காத்திருக்கும் வருடங்களை அது ஈடுகட்டாது. இன்றைக்கு வரிசையில் சேர்ந்தால் எப்போது முறை வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. "இரண்டு வருடம், மூன்று வருடம்" என்று யாராவது தேதி சொன்னால், சொல்கிறவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். அதற்காக அமெரிக்காவை அடியோடு மறக்கச் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு பைசா வாங்காமல் ஒரு மருத்துவமனை மனு போட முன்வந்தால் சரி என்று சொல்லுங்கள். மனு அங்கீகரிக்கப்பட்டால், வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் அந்த முன்னுரிமைத் தேதி பொதுவாக உங்களிடமே இருக்கும், பின்னால் வேறு முதலாளி போடும் மனுவுக்கும் அதைப் பயன்படுத்தலாம். வரிசையில் பெயர் இருக்கட்டும். குடும்பத் திட்டத்தை அதன்மேல் கட்டாதீர்கள்.

பிரிட்டன் நான் தினமும் பார்க்கும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே பதிவுக்கு ஆங்கிலத் தேர்வு, அப்புறம் கணினித் தேர்வு, கடைசியாக ஓஸ்கி. ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, எழுதுதலில் சி பிளஸ். கணினித் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். ஓஸ்கிக்கு இங்கே வர வேண்டும், பத்து ஸ்டேஷன்கள் (தனித்தனிச் செய்முறைப் பகுதிகள்), ஒரு விண்ணப்பத்தில் மூன்று வாய்ப்புகள்.

வளைகுடா ஐசியுவிலிருந்து வருபவர்களின் கை வேலை அருமையாக இருக்கும். வென்டிலேட்டர், ஆர்டீரியல் லைன் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஓஸ்கியில் அதைக் கேட்பதில்லை. ஒரு ஊசி போடும் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்ததும் கை கழுவி, தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கைப்பட்டையோடும் சீட்டோடும் ஒப்பிட்டு, அலர்ஜி கேட்டு, சம்மதம் வாங்கி, அப்புறம்தான் சிரிஞ்சைத் தொட வேண்டும். நம்மவர்கள் நேராக சிரிஞ்சுக்குப் போய்விடுவார்கள். சுத்தமாகப் போடுவார்கள், ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். பரீட்சை எடுப்பவர் மனதில் நினைத்ததற்கு மதிப்பெண் போட முடியாது. உங்களுக்கு அனுபவம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. இந்தப் பேசும் பழக்கத்தை இப்போதே தம்மாம் வார்டில் ஆரம்பித்துவிடுங்கள்.

பிரிட்டனில் உறுதியாகச் சொல்லக்கூடியவை: நர்ஸ்களுக்கான ஹெல்த் அண்டு கேர் விசாவில் குடும்பத்தைக் கூட்டி வரலாம், சுகாதார வரி கிடையாது, கணவர் முழுநேர வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சில் குடும்பத்துக்குத் தடை வந்தது பராமரிப்புப் பணியாளர்களுக்கு, நர்ஸ்களுக்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வேலைக்கு எடுப்பவர்கள் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசின் நெறிமுறையே சொல்கிறது. சந்தேகத்துக்குரியவை இரண்டு. ஒன்று வேலை. 2024-க்குப் பிறகு என்.எச்.எஸ். மருத்துவமனைகள் வெளிநாட்டிலிருந்து நேரடியாக ஆள் எடுப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டன. 2021, 2022-இல் வந்த உங்கள் தோழிகள் கண்ட பிரிட்டன் வேறு. இரண்டாவது, நிரந்தர வசிப்புரிமை. ஐந்து வருடத்தில் கிடைத்துவந்ததைப் பொதுவாகப் பத்து வருடமாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு வெளியிட்டது. புதிதாக வருகிறவர் ஐந்து வருடத்தை நம்பி வீடு, பள்ளி, கடன் என்று திட்டம் போடக் கூடாது என்பது என் கருத்து.

அப்படியானால் பிரிட்டன் வேண்டாமா? வேலை உறுதிக் கடிதம் கையில் வந்தால் வாருங்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. 2025 ஏப்ரலிலிருந்து ஆஸ்திரேலியாவின் பதிவு அமைப்பான ஆப்ரா ஒரு குறுக்கு வழியைத் திறந்திருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர், ஸ்பெயின், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஒன்டாரியோ ஆகிய இடங்களில் பதிவு பெற்று, 2017-க்குப் பிறகு அங்கே குறைந்தது 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்கள், மறுபடி தேர்வு எழுதாமலேயே ஆஸ்திரேலியாவில் பதிவு பெறலாம். 1,800 மணி நேரம் என்பது முழுநேர வேலையில் ஏறக்குறைய ஒரு வருடம். அதாவது இங்கே எழுதும் ஓஸ்கி இரண்டு நாடுகளுக்கு வேலை செய்யும். சம்பளம் வாங்கிக்கொண்டே அந்தத் தகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: என்.எச்.எஸ். ஒப்பந்தங்களில், இரண்டு மூன்று வருடத்துக்குள் விலகினால் ஆள் எடுத்த செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும். எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு குறையும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேளுங்கள்.

அயர்லாந்தும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, நம்மவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே நர்ஸ்களுக்குக் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் கிடைக்கும், 21 மாதத்துக்குப் பிறகு முதலாளியைச் சார்ந்திராத ஸ்டாம்ப் 4-க்கு விண்ணப்பிக்கலாம், கணவருக்குத் தனி பெர்மிட் வேண்டாம். வீட்டு வாடகை கடுமை. இருந்தும் பிரிட்டனில் வேலை கிடைக்காவிட்டால் நான் அடுத்து பார்ப்பது அங்கேதான். ஜெர்மனிக்கு மொழிதான் கதவு. பி2 வரை படிக்க ஒரு வருடத்துக்கு மேல் கொடுக்க முடிந்தால் அது நிலையான வழி. ஐசியு டூட்டி, குழந்தை, கணவர் எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து மொழி படிக்கத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஆஸ்திரேலியா, நேர் வழி. இந்திய பி.எஸ்சி. நர்சிங் பொதுவாக என்க்ளெக்ஸ் என்ற கணினிவழி நர்சிங் தேர்வும், அதற்குப் பின் அடிலெய்டில் ஓஸ்கியும் எழுதும் பிரிவில் வருகிறது. என்க்ளெக்ஸை சென்னையிலேயே எழுதலாம்; அமெரிக்காவும் கனடாவும் கேட்பதும் இதே தேர்வுதான். அடிலெய்டு ஓஸ்கி உங்கள் சொந்தச் செலவு, கட்டணம் மட்டுமே சுமார் 4,000 ஆஸ்திரேலிய டாலர், விமானம், தங்குமிடம் தனி. இந்த வழி காசு கேட்கும், ஆனால் யாருடைய வேலைக் கடிதத்தையும் எதிர்பார்க்காது. அதுதான் இதன் பலம். பதிவும், விசாவுக்காக அன்மாக் அமைப்பு செய்யும் தொழில் மதிப்பீடும் முடிந்தால் புள்ளி முறையில் நிரந்தர விசாவுக்கே விண்ணப்பிக்கலாம்.

உங்கள் புள்ளியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. பட்டப்படிப்புக்கு 15. வெளிநாட்டு அனுபவம் 5 முதல் 7 வருடம் என்றால் 10. ஊரிலும் தம்மாமிலும் பார்த்ததை முழுதாக நிரூபித்தால் நீங்கள் அதில் வருகிறீர்கள். ஆங்கிலம் நான்கு பகுதியிலும் 7 என்றால் 10. மொத்தம் 65, அதுதான் குறைந்தபட்சம். கணவருக்குப் போதிய ஆங்கிலம் இருந்தால் இன்னும் 5, அவர் தொழில் மதிப்பீடும் முடித்தால் அந்த 5-க்குப் பதில் 10. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 2025 மார்ச்சிலிருந்து பதிவுக்கு எழுதுதலில் 6.5 போதும் என்றாகிவிட்டது, ஆனால் விசாவின் அந்த 10 புள்ளிக்கு எழுதுதலிலும் 7 வேண்டும். ஆகவே 7-ஐயே குறி வையுங்கள். அடுத்து, 33 வயது பிறந்ததும் வயதுப் புள்ளி 30-லிருந்து 25 ஆகிவிடும், அதுவும் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வரும் நாளில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். உங்களுக்கு அவசரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான், ஏஜென்சி சொல்லும் தேதி அல்ல. சமீபத்திய அழைப்புச் சுற்றுகளில் நர்ஸ்களை மற்ற பல தொழில்களைவிடக் குறைந்த புள்ளியில் அழைத்திருக்கிறார்கள். நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது.

எல்லாவற்றையும் வைத்து, நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதலில் ஆங்கிலத் தேர்வு. கூடவே ஆப்ராவில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பம். அவர்கள் எந்தப் பிரிவு என்று சொன்னதும் என்க்ளெக்ஸ். ஒரு எச்சரிக்கை: என்க்ளெக்ஸ் ஒரே தேர்வுதான் என்றாலும், எந்த அமைப்பின் கீழ் பதிவு செய்து எழுதுகிறோம் என்பது முக்கியம். ஓர் அமெரிக்க மாநிலத்துக்காக எழுதிய முடிவை ஆஸ்திரேலியாவிலும், அங்கே எழுதியதை அமெரிக்காவிலும் காட்டலாமா என்று இரண்டு பக்கமும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். இதெல்லாம் நடக்கும்போதே பிரிட்டன், அயர்லாந்து வேலைகளுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். நல்ல கடிதம் முதலில் வந்தால் 1,800 மணி நேர வழி; வராவிட்டால் அடிலெய்டு. எது நடந்தாலும் செய்த செலவு கெடாது. ஆங்கிலத் தேர்வு முடிவு மட்டும் பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும், ரொம்ப முன்கூட்டி எழுதிவிடாதீர்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கும் யோசனை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நர்சிங் கவுன்சில்கள் சமீபத்திய பணி அனுபவத்தைப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் ஐந்து வருடத்துக்குள் 450 மணி நேரம் என்பது விதி, ஆனால் முதலாளிகள் அதைவிடக் கறாராகப் பார்ப்பார்கள். ஐசியுவிலிருந்து ஒரு வருடம் விலகியவருக்கு நேர்காணலில் வரும் முதல் கேள்வியே அதுதான்.

இப்போது ஆவணங்கள். ஆட்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது தேர்வில் இல்லை, இங்கேதான். நம் பெயர்களிலிருந்தே ஆரம்பிக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேம் ஆகியிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், நர்சிங் கவுன்சில் பதிவில் மறுபடி இனிஷியல், சவுதி வசிப்பு அட்டையான இக்காமாவில் அரபியிலிருந்து வந்த இன்னொரு எழுத்துக்கூட்டல். ஆள் ஒன்று, காகிதத்தில் நான்கு பேர். எல்லாச் சான்றிதழையும் மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள். மாற்றம் இருந்தால், இவை எல்லாம் ஒரே ஆள் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து, திருமணச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே எழுதுங்கள்.

அடுத்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மூன்று வேலைகள். கல்லூரியிலிருந்து பாடவாரியாக வகுப்பு மணி நேரமும் கிளினிக்கல் மணி நேரமும் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட். வெறும் மதிப்பெண் பட்டியல் போதாது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்திருந்தால் அங்கேயும் ஒரு நாள் ஒதுக்குங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகியிருந்தால் அதைப் புதுப்பிக்காமல் வேறெதுவும் நகராது. மூன்றாவது, ஊரில் பார்த்த மருத்துவமனையின் அனுபவச் சான்று. வார்டு பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்க வேண்டும். அந்த இரண்டு வருடம் நிரூபணமாகாவிட்டால் புள்ளியில் 10 என்பது 5 ஆகிவிடும்.

சவுதி பக்கம் இன்னும் கவனம் வேண்டும். சவுதியை விட்டு ஒரேயடியாகக் கிளம்பும் ஃபைனல் எக்சிட் அடிப்பதற்கு முன்னால், நர்சிங் டைரக்டர் கையெழுத்தோடு பணிச் சான்று, நர்ஸ்களுக்கு உரிமம் தரும் சவுதி கமிஷனின் நன்னடத்தைச் சான்று, போலீஸ் கிளியரன்ஸ் மூன்றையும் பாருங்கள். இக்காமா கையில் இருக்கும்போது இவற்றுக்கு அலைவது ஒரு மாதிரி; நாட்டை விட்டு வந்த பிறகு தூதரகம், கைரேகை, தெரிந்தவருக்கு அதிகாரப் பத்திரம் என்று வேறு மாதிரி. நன்னடத்தைச் சான்று சில மாதங்களே செல்லும், பல கவுன்சில்கள் தங்களுக்கு நேரடியாக வர வேண்டும் என்றும் கேட்கும். அதனால் எப்போது கேட்பது என்பதை விண்ணப்பக் கட்டத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். சவுதி உரிமத்துக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்த்த பழைய டேட்டாஃப்ளோ அறிக்கையையும் பத்திரமாக வையுங்கள். அங்கே நீங்கள் கொடுத்த தேதிகளும் இப்போது கொடுப்பவையும் ஒரு மாதம்கூட மாறக் கூடாது.

கணவர் விஷயம். பிரிட்டனில் பெரும்பாலான மெக்கானிக்கல் வேலைகளுக்கு உரிமம் தேவையில்லை, அதனால் அவர் வந்ததும் தேட ஆரம்பிக்கலாம். ஆஸ்திரேலியாவுக்கு என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பின் மதிப்பீடு வேண்டும். பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 முதல் முழு உறுப்பினர்தான், ஆனால் இந்திய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.-வின் டயர்-1 அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். அவர் அதற்கு முன்பே படித்தவர் என்றால், தான் செய்த திட்டங்களை விவரித்து எழுதும் அறிக்கை வழிதான். அவர் எழுத மாதங்கள் ஆகும், உங்கள் என்க்ளெக்ஸ் படிப்போடு சேர்த்தே அவரும் தொடங்கட்டும். அடுத்தவருடைய அறிக்கையை வாங்கி மாற்றி எழுதிக் கொடுப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நகல் கண்டுபிடிக்கப்பட்டால் தடை விழும், உங்கள் விசாவும் சேர்ந்து பாதிக்கும்.

கடைசியாக அந்த 3 லட்சம். கட்டாதீர்கள் சிஸ்டர். அந்த ஏஜென்சியிடம் மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் கேளுங்கள்: மனு போடும் மருத்துவமனையின் பெயர், இந்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் அவர்களின் பதிவு எண், எந்தச் சட்டத்தின் கீழ் இந்தத் தொகை. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதில் எழுத்தில் வராமல் போனில் மட்டும் வந்தால், பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். ஆங்கிலத் தேர்வு, ஆப்ரா மதிப்பீடு, என்க்ளெக்ஸ் என்று முதல் மூன்று கட்டங்களுக்கும் அது தாராளமாகக் காணும்.